வெள்ளைத் தாள் ஒட்டிய இசைத்தட்டு

துபாய்க்கு மகளைப் பார்க்கப் போகிறேன் என்றுதான் ஊரில் எல்லோரிடமும் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை. பெட்டியில் பேத்திக்கு முறுக்கும் மாப்பிள்ளைக்கு நாட்டுச் சர்க்கரையும் இருந்தன. சட்டைப் பையில் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. ‘மீரான், கப்பல் சாமான் கடை, புஜைரா, துறைமுகம் பக்கம்’ என்று அதில் என் கையெழுத்து. கோயமுத்தூரில் ஒரு ஜவுளி ஏஜெண்ட், காயல்பட்டினத்துக்காரர், பேச்சுவாக்கில் சொன்னதை எழுதிக்கொண்டது. முப்பத்து மூன்று வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்தவன், அந்தச் சீட்டு கிடைத்த பிறகு மூன்று மாதம்கூடப் பொறுக்கவில்லை.

மீரான் யார் என்று சொல்லிவிடுகிறேன். எழுபத்து மூன்றில் நூற்பு படிக்க இங்கிலாந்தின் வடக்கே போல்டன் என்ற ஊருக்கு என்னை அனுப்பினார்கள். புகைபோக்கிகளும் மழையுமாக இருந்த மில் ஊர். என் அறைத் தோழன் மீரான். நான் பத்து வார்த்தை பேசுகிற இடத்தில் அவன் ஒன்று பேசுவான், அந்த ஒன்றில் என் பத்தும் அடிபட்டுப் போகும். எனக்கு மீன் தின்னக் கற்றுக்கொடுத்தவன் அவன். அவனுக்கு அரிசிம்பருப்பு சாதம் ஆக்கிப் போட்டவன் நான்.

அந்த ஊர் மில் தொழிலாளிகளுக்கு ஒரு பித்து இருந்தது. அமெரிக்காவில் டெட்ராய்ட் மாதிரியான ஊர்களில் கறுப்பினப் பாடகர்கள் சில வருஷங்களுக்கு முன் பாடி, அங்கேயே விலைபோகாமல் மூலையில் கிடந்த சின்ன இசைத்தட்டுகளைத் தேடிப் பிடித்து ஆடுவார்கள். ‘நார்தர்ன் சோல்’ என்று பெயர். பாடினவரை அவர் தெருவிலேயே யாருக்கும் தெரியாது. இங்கே கடல் தாண்டி, நூல் மில்லில் வேலை பார்க்கிறவர்கள் அவருக்காக உயிரை விட்டார்கள். எங்கள் இரண்டு பேரையும் அந்தப் பித்து பிடித்துக்கொண்டது. ஞாயிறு மத்தியானம் ஒரு பழைய மண்டபத்தில் ஆட்டம் நடக்கும். மரத்தரையில் டால்கம் பவுடரைத் தூவுவார்கள், அப்போதுதான் ஷூ வழுக்கிக்கொண்டு போகும். மீரான் கோட்டுப் பையில் எப்போதும் ஒரு பவுடர் டப்பா இருக்கும். தரையில் இரண்டு தட்டு தட்டிவிட்டு அவன் இறங்கினால் வெள்ளைக்காரர்களே ஒதுங்கி இடம் விடுவார்கள். நான் சுவரோரம் நின்று தலையாட்டுகிற கட்சி.

அங்கே தட்டு போடுகிறவர்களுக்கு ஒரு வழக்கம். தன்னிடம் மட்டுமே இருக்கிற அரிய பாட்டின் பெயர் போட்டிக்காரனுக்குத் தெரிந்துவிடக் கூடாது. அதனால் நடுவில் உள்ள லேபிளின் மேல் வெள்ளைத் தாளை ஒட்டி, இல்லாத ஒரு பாடகரின் பெயரை எழுதிவிடுவார்கள். ஒருநாள் மீரான் மான்செஸ்டர் சந்தையிலிருந்து அப்படி ஒரு தட்டோடு வந்தான். வெள்ளைத் தாளில் ‘மேபல் ஸ்டோன்’ என்று மசியால் எழுதியிருந்தது. மேபல் ஸ்டோன் என்று உலகத்தில் ஒருத்தியும் கிடையாது என்பது எங்களுக்குத் தெரியும். நிஜப் பெயர் என்னடா என்றேன்.

“எனக்குத் தெரியும். உனக்குச் சொல்ல மாட்டேன். உன் வாயில வெத்தலைகூட நிக்காது” என்றான்.

அந்தப் பாட்டை எப்படிச் சொல்வேன்? பித்தளை வாத்தியங்கள் நான்கு முறை அதட்டும். பிறகு ஒரு பெண் ‘திரும்பி வா’ என்று கெஞ்சுவாள். கெஞ்சல்தான், ஆனால் தாளம் என்னவோ கல்யாண வீட்டுத் தாளம். அழுகிறவளோடு சேர்ந்து ஆடச் சொல்லும் பாட்டு அது. கேட்கும்போதெல்லாம் சுவரோரம் நிற்கிற எனக்கே கால் நிற்காது. ‘திரும்பி வா’ என்று பாதிப் பாட்டுகளில் வருகிறது, அதை வைத்து என்னத்தைத் தேட? எனக்கு அந்தப் பெயர் தெரிந்தே ஆகவேண்டும் என்று வெறி வந்துவிட்டது.

ஒரு சனிக்கிழமை மீரான் வெளியே போயிருந்தபோது கெட்டிலைக் கொதிக்க வைத்து, ஆவியில் தட்டைக் காட்டி, தாளின் ஓரத்தை நகத்தால் நெம்பினேன். நீல நிறம் தெரிந்தது. ‘டி’ என்ற ஒற்றை ஆங்கில எழுத்து தெரிந்தது. நிமிர்ந்து பார்த்தால் வாசலில் மீரான். அவன் கத்தவில்லை. முகம் வெளுத்துப் போயிருந்தது. தட்டை வாங்கிக்கொண்டான். மறுநாள் என் பெட்டியைத் தூக்கி வராந்தாவில் வைத்தான். படிப்பு முடியும்வரை ஒரு சொல் பேசவில்லை, சொல்லாமலே வளைகுடாப் பக்கம் போய்விட்டான். ஒரு மன்னிப்புக் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவ்வளவுதான்.

துபாயில் முதல் இரண்டு நாள் நல்ல தகப்பனாக இருந்தேன். மகள் கவிதா காட்டிய கட்டடங்களை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தது. மூன்றாம் நாள் காலை, சும்மா ஒரு சுற்று சுற்றிவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு புஜைராவுக்கு வேன் ஏறினேன். பன்னிரண்டு பேர் உட்காரும் வண்டியில் பதினான்கு பேர். நம் ஊர் மினி பஸ்ஸை நினைத்தால் அது சொகுசுதான். மலைப் பாதையில் மசாஃபி என்ற ஊரைத் தாண்டியதும் எஞ்சினிலிருந்து புகை வந்தது. பாகிஸ்தான் பட்டாணியரான ஓட்டுநர் இறங்கி, மூடியைத் திறந்து பார்த்து, “கலாஸ்” என்றார். முடிந்தது என்று அர்த்தம். அந்த ஒரு சொல்லுக்கு மேல் விளக்கம் கிடையாது. அடுத்த வண்டி வரும்வரை பாறை நிழலில் உட்கார வேண்டியதுதான்.

என் பக்கத்தில் உட்கார்ந்தவர் செல்வராசு, அரியலூர்ப் பக்கம். எண்ணெய்த் தொட்டிகளுக்குச் சாயம் பூசும் வேலை. தூக்குச் சட்டியைத் திறந்து புளிச்சோறும் அவித்த முட்டையும் எடுத்தார். பாதியை மூடியில் வைத்து என் பக்கம் நகர்த்தினார். வேண்டாங்க என்றேன். “சாப்புடுங்க சார், ரூம்ல நேத்து என் டியூட்டி, நான் ஆக்கினதுதான்” என்றார். நல்ல புளிச்சோறு. எங்கே போகிறீர்கள் என்று கேட்டதற்கு, யாரிடமும் சொல்லாத கதையை அவரிடம் கொட்டிவிட்டேன். வழியில் பார்க்கிற ஆளிடம் சொல்வது எவ்வளவு சுலபம்!

“ஒரு பாட்டுத் தட்டுக்கா சார் இவ்ளோ தூரம்?”

“தட்டுக்குத்தான்னு நினைச்சேனுங்க. இப்ப சந்தேகமா இருக்குதுங்க.”

அவர் முட்டையை மென்றுகொண்டே சொன்னார்: “எங்க ரூம்ல நாகராசுன்னு ஒருத்தன். ஃபேன் எந்தப் பக்கம் திரும்பணும்னு சண்டை. மேல் கட்டில் அவன், கீழ்க் கட்டில் நானு. மூணு வருஷம் பேச்சில்ல. அப்புறம் அவனுக்கு விசா கேன்சல் ஆகி அனுப்பிட்டாங்க. போற அன்னிக்கு நான் சைட்ல இருந்தேன். வந்து பாத்தா ஃபேன என் பக்கம் திருப்பி வச்சிட்டுப் போயிருக்கான் சார்.” மாற்று வண்டி வந்தது, “யல்லா யல்லா” என்று ஓட்டுநர் விரட்ட ஓடிப்போய் ஏறினோம்.

புஜைராவில் கடல் காற்றோடு டீசல் வாடை வந்தது. நங்கூரமிட்ட கப்பல்கள் தூரத்தில் வரிசை கட்டி நின்றன. கடை இருந்தது. மீரான் இல்லை. கல்லாவில் இருந்த நடுவயதுக்காரர் காயல்பட்டினத்துப் பேச்சில் வரவேற்றார்.

“மீரான் காக்காவா? அவங்க இந்தக் கடைய எனக்குக் கொடுத்துட்டு பஹ்ரைன் போயி மூணு வருஷம் ஆச்சே. குதைபியாவுல மவன் கடை ஈக்குது, அங்கதான் ஒக்காந்து ஈக்காங்க.” காக்கா என்றால் அவர்கள் ஊரில் அண்ணன். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்து, “நீங்க கோயமுத்தூரா?” என்றார்.

எப்படித் தெரியுமுங்க என்றேன்.

“கோயமுத்தூர்க்காரன் ஒருத்தன் வருவான், வந்தா சுலைமானி குடுத்து ஒக்கார வைன்னு காக்கா சொல்லிட்டுப் போனாங்க. இதே சொல்லைப் பத்து வருஷமா சொல்லுறாங்க. ஆளு வரவே இல்ல, நாங்க கேலிகூடப் பண்ணுவோம்.”

பால் கலக்காத அந்தத் தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். குடிக்க முடியவில்லை. சூடு என்று அவரிடம் பொய் சொன்னேன்.

அன்று மாலை மகளிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். “அப்பா, உங்களுக்கு டான்ஸெல்லாம் தெரியுமா?” என்றுதான் முதலில் கேட்டாள். தெரியாது, தெரிந்தவனைத்தான் பார்க்கப் போகிறேன் என்றேன். மாப்பிள்ளை முகத்தைச் சுளிக்காமல் பஹ்ரைன் போவதற்கு ஏற்பாடு செய்தார். என் மாப்பிள்ளையைப் பற்றி நான் முன்பு சொன்ன சில கருத்துகளை இந்த இடத்தில் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

குதைபியாவில் போய் இறங்கியபோது வெள்ளிக்கிழமை மத்தியானம். தொழுகை நேரம், எல்லாக் கடைகளும் ஷட்டர் இறங்கிக் கிடந்தன. என் அவசரத்துக்கு ஆண்டவன் வைத்த தடை. எதிரே ஒரு உடுப்பி ஓட்டல் மட்டும் திறந்திருந்தது. சாம்பார் இட்லியில் சாம்பார் இனித்தது. கோயமுத்தூரில் இப்படி ஊற்றினால் இலையை எடுத்து வெளியே போட்டிருப்பார்கள். கோபத்தில் இரண்டு தட்டு தின்றேன். சர்வரிடம், எதிர்க் கடை எப்போது திறக்கும் என்று நான்கு தடவை கேட்டேன். ஐந்தாவது தடவை நான் வாயைத் திறப்பதற்குள் “நாலு மணி சார்” என்றார்.

நாலு மணிக்கு ஷட்டர் மேலே போனது. சின்னக் கடை. போன் கார்டுகள், தலைக்கு எண்ணெய், சோப்பு, ஊதுவத்தி. கண்ணாடி அலமாரி முழுக்க டால்கம் பவுடர் டப்பாக்கள். நாற்காலியில் வெள்ளைத் தொப்பியும் நரைத் தாடியுமாக ஒருவர். தொப்பை போட்டிருந்தது. வலது முழங்காலில் துணிப்பட்டை கட்டியிருந்தது. கண்ணாடியை மேலே தூக்கிவிட்டு என்னைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார்.

நான் வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்த மன்னிப்பில் ஒரு எழுத்துகூட ஞாபகம் வரவில்லை.

“இன்னும் ஹயாத்தா, உசுரோடதான் ஈக்கியா?” என்றான் மீரான்.

“நீ சாகறதுக்கு முன்னால பேர் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்டா” என்றேன்.

எழுந்திருக்க முயன்றான், முழங்கால் விடவில்லை. நான்தான் குனிந்து கட்டிப்பிடித்தேன். அத்தர் வாசனை. இரண்டு கிழவர்களும் அழுதோம். போன் கார்டு வாங்க வந்த ஒருவர், யாராவது இறந்துவிட்டார்களா என்று இந்தியில் கேட்டார். “இல்ல பாய், பொழச்சு வந்திருக்கான்” என்று மீரான் மூக்கை உறிஞ்சிக்கொண்டே பதில் சொன்னான்.

அதற்குப் பிறகு மன்னிப்பு சுலபமாக வந்தது. கேட்டேன். அவன் கையைக் காட்டி நிறுத்தினான். கொஞ்ச நேரம் மேசையில் கிடந்த ஒரு ரப்பர் பேண்டை இழுத்து இழுத்து விட்டான்.

“பழனி, ஒண்ணு சொல்லுறேன், சிரிக்கப்படாது. அந்தப் பேரு எனக்கும் தெரியாது.”

“என்றா சொல்ற?”

“நான் வாங்குறப்பவே வெள்ளைத் தாளு ஒட்டித்தான் ஈந்துச்சு. உள்ள என்னன்னு வித்தவனுக்கே தெரியாது. மண்டபத்துல எல்லாவனும் ‘பேரென்ன, பேரென்ன’ன்னு என் பின்னாடி சுத்துனானுவ. தெரியாதுன்னு சொல்ல எனக்கு மனசு வரல. நீ கெட்டிலோட நின்னப்ப, தட்டு கெட்டுப்போச்சேன்னு எனக்குக் கோவம் வரல. நான் பொய்யன்னு வெளிய தெரிஞ்சுருமேன்னுதான் பயந்தேன். அதுக்காக ஒன் பெட்டியத் தூக்கி வெளிய வச்சேன் பாரு, அல்லாஹ் என்னைய மன்னிக்கட்டும்.”

முப்பத்து மூன்று வருஷம் நான் திருடன் என்று நினைத்துக் கூனிக் குறுகிக்கொண்டிருந்தேன். தான் பொய்யன் என்று அவன் கூனிக் குறுகிக்கொண்டிருந்திருக்கிறான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கக் கூடாது என்று சொன்னவனே முதலில் சிரித்தான்.

தட்டு எங்கே என்றேன். அவன் முகம் மாறியது. மேசை இழுப்பறையைத் திறந்து, துணி சுற்றிய பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தான். பிரித்தேன். தட்டு பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்து கிடந்தது.

“புஜைராவுல ஈந்தப்ப ஒரு கோடையில லீவுல ஊருக்குப் போனேன். கடைப் பரண்ல வச்சுட்டுப் போயிட்டேன், ஏசி கெடையாது. ரெண்டு மாசம். திரும்பி வந்து பாத்தா இப்படி. பதினெட்டு வருஷமாச்சு பழனி, நானும் அந்தப் பாட்டைக் கேட்டு.”

இந்த நாட்டு வெயிலுக்கு மனிதனே உருகும்போது பிளாஸ்டிக் தட்டு எம்மாத்திரம். ஆனாலும் எனக்கு ஆறவில்லை. விமானம் ஏறி வந்தது இதைப் பார்க்கவா? சரி, பாட்டு போயிற்று, பெயராவது மிஞ்சியிருக்குமே. “பதினெட்டு வருஷமா வீணாப்போன தட்டுதானே, தாளைப் பிரிச்சுப் பாத்திருக்கலாமேடா?” என்றேன்.

“எப்படிப் பிரிப்பேன்? அதைச் செஞ்சதுக்குத்தானே ஒன்னைய வெளிய தள்ளுனேன். அதையே நான் செஞ்சா நான் என்ன மனுசன்?” என்றான்.

கடையின் உள்ளே தேநீர் போடும் மின்சாரக் கெட்டில் இருந்தது. அவனே நொண்டிக்கொண்டு போய்த் தண்ணீர் ஊற்றி வைத்தான். கொதித்ததும் மூடியைத் திறந்துவிட்டு என்னைப் பார்த்தான்.

“நீயே பிரி. பாதி வேலை ஏற்கெனவே செஞ்சதுதானே.”

போல்டனில் நான் நெம்பிய ஓரம் அப்படியே தூக்கிக்கொண்டிருந்தது. ஆவியில் காட்டினேன். விரல் சுட்டது. தட்டு நழுவாமல் இருக்க மீரான் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். பழைய பசை கொஞ்சம் கொஞ்சமாக இளகி, மேபல் ஸ்டோன் நாலாக மடங்கி என் கையோடு வந்தாள். கீழே நீல லேபிள். பாதி எழுத்து பசையில் போயிருந்தது, மீதி இருந்தது. நான் முப்பத்து மூன்று வருஷம் ‘டி’யில் தொடங்கும் பாடகியாக நினைத்து நினைத்து மறுகிய அந்த எழுத்து, டெட்ராய்ட் என்ற ஊர்ப் பெயரின் முதல் எழுத்து. பாடகியின் பெயர் ஆர்னெட்டா வீக்ஸ். பாட்டின் பெயர் ‘ஒன்பது மணி பஸ்’. பாட்டில் பஸ்ஸும் கிடையாது, ஒன்பது மணியும் கிடையாது.

“ஆர்னெட்டா” என்று மீரான் மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். “நல்ல பேராத்தான் ஈக்குது.”

இரண்டு நாள் அவன் வீட்டில் தங்கினேன். மருமகள் வைத்த மீன் குழம்பில் நான் மூன்றாவது முறை சோறு வாங்கியபோது, கற்றுக்கொடுத்தவன் என்ற பெருமை அவன் முகத்தில் தெரிந்தது. பாட்டை நினைவிலிருந்து பாடிப் பார்த்தோம். எனக்குத் தொடக்கம் ஞாபகம் இருந்தது, அவனுக்கு முடிவு ஞாபகம் இருந்தது, நடுப்பகுதி இரண்டு பேருக்கும் இல்லை. விமான நிலையத்தில் விடை பெறும்போது, “கிடைச்சா சொல்லு. சர்க்கரை, பிரஷர், இதோ இந்தக் காலு, எல்லாம் ஈக்குது. அந்தப் பாட்டுதான் இல்ல” என்றான்.

துபாய் வந்த மறுநாள் காலை கவிதா கணினி முன் என்னை உட்கார வைத்து, அந்தப் பெயரைத் தட்டினாள். இரண்டு முறை எழுத்துப் பிழை, ஒன்றும் வரவில்லை. மூன்றாவது முறை வந்தது. இங்கிலாந்தில் யாரோ ஒருவர் தன் வீட்டுத் தட்டு சுழல்வதைப் படம் பிடித்துப் போட்டிருந்தார். அதே நீல லேபிள். கவிதா சொடுக்கப் போனாள். நான் அவள் கையைப் பிடித்தேன். நான் மட்டும் கேட்பதாக இல்லை, ஒரு தடவை திருடினது போதும்.

போன் கார்டைச் சுரண்டி பஹ்ரைனுக்கு அழைத்தேன். மீரான் எடுத்தான்.

“டேய், கிடைச்சிருச்சு. கேக்கறயா?”

“செத்த நேரம் இரு. வைக்காதே” என்றான்.

போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது. நாற்காலி பின்னால் நகர்ந்தது. கண்ணாடி அலமாரியின் கதவு கிறீச்சிட்டது. தகர டப்பாவைத் தட்டும் சத்தம் இரண்டு முறை வந்தது. தூரத்திலிருந்து கத்தினான்: “இப்பப் போடுடா!”

கவிதா சொடுக்கினாள். பித்தளை வாத்தியங்கள் நான்கு முறை அதட்டின. ஆர்னெட்டா வீக்ஸ் ‘திரும்பி வா’ என்று கெஞ்சத் தொடங்கினாள். ஒரு கையால் போனை ஒலிபெருக்கி அருகே பிடித்துக்கொண்டு, என் காதையும் அதோடு ஒட்டி வைத்துக்கொண்டேன். ஒரு காதில் பாட்டு. இன்னொரு காதில், கடலுக்கு அந்தப் பக்கம் பவுடர் தூவிய தரையில், ஒரு நல்ல காலும் ஒரு நொண்டிக் காலும் செருப்போடு வழுக்கி வழுக்கிப் போய்வரும் சத்தம்.